வானுக்குள் கொம்பிரசர்: மச்சானுக்கு ஒரு கடிதம்

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், அம்மாவுக்குத்தான் பெரிய சந்தோசம், உன்னைப் பிள்ளையோடு ஒருதரம் செங்கலடிக்கு வந்து போகச் சொல்கிறார். இங்கே வெள்ளாமை வெட்டுத் தொடங்கப்போகிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் உழவு மெசின், வெட்டு மெசின் எல்லாம் வயலுக்குள்தான் நிற்கும், ரயர் போனால் கழற்றிக்கொண்டு ரவுனுக்கு வர ஏலாது. அதனால் நீ அக்கரைப்பற்றில், காற்றடிக்கிற கொம்பிரசரை வானுக்குள் வைத்து, இருக்கிற இடத்துக்கே போய் ரயர் வேலை செய்கிற வான் போடுவது நல்ல யோசனைதான், அந்தப் பக்கமும் வயல் வயலாகத்தானே கிடக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கொம்பிரசர் 3 குதிரைவலு, அதாவது 2.2 கிலோவாட், ஜெனரேட்டர் 3.5 கிலோவாட், போதும்தானே என்று கேட்கிறாய். ஓடத் தொடங்கிய பிறகு போதும். தொடங்குகிற அந்த நொடிக்குத்தான் போதாது. மோட்டார் முதல் சுற்றை எடுக்கும்போது ஓடுகிற கரண்டைப்போல ஐந்தாறு மடங்கை இழுக்கும். ஏறாவூர்ப் பக்கம் ஒரு தம்பியின் வானில் நேரே பார்த்தேன்: லொறி ரயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது டாங்கியில் அழுத்தம் இறங்கி சுவிட்ச் போட்டது, ஜெனரேட்டர் சத்தம் அமுங்கி, பல்ப் மங்கி, மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்று கடைசியில் ட்ரிப் ஆனது. பெரிய ஜெனரேட்டர் வாங்கினால் இது தீரும், ஆனால் பாரமும் புகையும் கூடும், 2022 இல் பெற்றோலுக்கு நாங்கள் வரிசையில் கிடந்ததை மறந்துவிடாதே. ஜெனரேட்டரை வானுக்குள் வைத்து ஓட்ட வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

நான் சொல்வது, ஜெனரேட்டரை விட்டுவிட்டுப் பற்றரிக்குப் போ, தொடங்கும்போது மோட்டார் இழுக்கிற அந்த உதையையே குறை. சிங்கிள் பேஸ் மோட்டாரைக் கழற்றிவிட்டு 2.2 கிலோவாட் திரீ பேஸ் மோட்டார் போட்டு, 230 வோல்ட் சிங்கிள் பேஸில் ஓடுகிற விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி) ஒன்றைக் கொடு. மோட்டாரை டெல்டாவில், அதாவது மூன்று சுருளையும் முக்கோணமாகக் கட்ட வேண்டும், மோட்டார் பிளேட்டில் 230/400 என்று இருக்கிறதா பார். விஎஃப்டி மெல்ல மெல்ல வேகம் ஏற்றும், அதனால் பற்றரிக் கரண்டை 230 வோல்ட்டாக்கித் தருகிற 5 கிலோவாட் இன்வேர்ட்டரே தாங்கும். ரொம்ப மெதுவாக மட்டும் ஓட விடாதே, பிஸ்டன் கொம்பிரசருக்குள் ஒயில் தெறித்துத்தான் மேலே போகிறது, வேகம் குறைந்தால் தெறிக்காது. இன்னொன்று, கொம்பிரசர் நிற்கும்போது சுவிட்ச் பக்கத்தில் ‘புஸ்’ என்று காற்று விடும் பார், அந்தச் சின்ன வால்வ் அடைத்திருந்தால் மோட்டார் அழுத்தத்துக்கு எதிராகத் தொடங்க வேண்டி வரும், எந்த விஎஃப்டியும் உதவாது.

பற்றரி லித்தியம், 48 வோல்ட்டில் எடு. 12 வோல்ட்டில் இந்த மோட்டாருக்கு 250 அம்பியர் வரை போகும், வயர் கையளவு தடிக்க வேண்டும், 48 இல் 60 அளவுதான். 100 அம்பியர்-மணி பற்றரி என்றால் 5 கிலோவாட்-மணி அளவு உன் கையில் இருக்கும், கொம்பிரசர் விட்டு விட்டுத்தானே ஓடுகிறது, ஒரு நாள் வேலைக்குத் தாராளம். இரவில் வீட்டில் சார்ஜ் போடு. வான் எஞ்சினிலிருந்தும் ஏற்ற வேண்டுமென்றால் இழுக்கிற கரண்டை அளவோடு வைக்கிற டிசி-டிசி சார்ஜர் ஊடாகத்தான் ஏற்று, நேரே கட்டினால் லித்தியம் இழுக்கிற இழுப்பில், எஞ்சின் ஐட்லில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

நட்டுக் கழற்ற பற்றரி கன் வாங்கு. கார், வான் சில்லுக்கு அது போதும், காற்றுக் கன்தான் டாங்கியை வெறுமையாக்குவது. லொறிக்கு மட்டும் காற்றை வைத்துக்கொள்.

கடைசியாக, மாரியில் ஈரத் தரையில் நின்று வேலை செய்வாய், கரண்ட் கசிந்தால் அறுத்துவிடுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதே. வான் ரப்பரில் நிற்கிறது, மண்ணோடு தொடர்பில்லை. இன்வேர்ட்டரின் நியூட்ரலை வானின் இரும்பு உடம்போடு சேர்த்துக் கட்டாவிட்டால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாது, ஆனால் டெஸ்ட் பொத்தானை அமத்தினால் அப்போதும் விழும், அதை வைத்துச் சரி என்று சொல்லிவிட ஏலாது. தெரிந்த எலக்ட்ரீசியனைக் கொண்டு கட்டுவி, இதில் காசு பார்க்காதே மச்சான்.

ஜெனரேட்டருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. கொம்பிரசர் மோட்டார் பிளேட்டைப் படமெடுத்து அனுப்பு, புல்லி அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்