பினாங்கு கோயில் நிர்வாகத்தினருக்கு: வெள்ளிக்கிழமையில் 10 நிமிடம் தாருங்கள்

கோயில் தலைவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

பிறையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நாள்பட்ட முட்டிவலி. கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது, பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூலிகை மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். மூன்றே நாளில் வலி போய்விட்டது. அப்புறம் பெரியம்மாவே மாதாமாதம் வாங்கத் தொடங்கிவிட்டார். ஐந்தாவது மாதம் முகம் வட்டமாக உப்பியது. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. கட்டுக்குள் இருந்த இனிப்புநீர் (நீரிழிவு) தாறுமாறாக ஏறியது. மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டர். அதற்குள் பெரியம்மா பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தியிருந்தார். வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீண்ட நாள் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளுமாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டுமாம். எங்களுக்கு அது அன்றுவரை தெரியாது.

கொடுத்த அம்மா மீது எனக்குக் கோபமில்லை. தனக்குக் கேட்டது பிறருக்கும் கேட்கட்டும் என்ற நல்ல மனசு. நம் வீடுகளில் மருந்து அப்படித்தான் கை மாறுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், அண்ணன் மிச்சம் வைத்த ஆண்டிபயாட்டிக் அலமாரியிலிருந்து வந்துவிடும். சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது, அதற்கு ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாது. டாக்டர் சீட்டில்லாமல் அதைக் கடையில் விற்க 1952ஆம் ஆண்டு நச்சுச் சட்டம் இடம் தருவதில்லை. வீட்டு அலமாரிக்குள் எந்தச் சட்டமும் வந்து பார்க்காது.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். சுகாதார அமைச்சின் துண்டறிக்கையைப் படிக்காதவர்களும் வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்துவிடுகிறார்கள். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும் நேரத்தில், தமிழ் பேசும் மருந்தாளர் ஒருவரை 10 நிமிடம் பேச விடுங்கள். அரசிடம் பதிவான மருந்துப் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் எங்கே இருக்கும் என்று கையில் வைத்துக் காட்டட்டும். மக்கள் சாப்பிடும் மருந்துகளை எல்லாம், மூலிகை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். இனிப்புநீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் கூடவே வலி மாத்திரையும் போட்டுக்கொண்டால் சிறுநீரகம் கெடலாம். பையைப் பிரித்துப் பார்த்தால்தான் அது தெரியவரும்.

எந்தக் கோயில் முதலில் சரி என்கிறதோ, அங்கே மருந்தாளரைப் பேசி அழைத்துவருவது என் பொறுப்பு. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒலிவாங்கி இருந்தால் போதும். பெரியம்மாவும் வந்து பேசுகிறேன் என்கிறார்.

அன்புடன்,
பிறைவாசி ஒருவர்