தயிர் டப்பாவுல பாக்டீரியா பேர எழுதச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஆரோக்கியப் பக்கத்துல தயிர், மோர், லஸ்ஸி எல்லாமே புரோபயாட்டிக்தான் (அதாவது உடம்புக்கு நல்லது செய்யற பாக்டீரியா உயிரோட இருக்கிறது), எதைச் சாப்பிட்டாலும் ஒண்ணுதான்னு போட்டிருந்தீங்க, அது தப்புங்க, அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

எங்கப்பாவுக்கு 71 வயசு. நெஞ்சுச்சளிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு அஞ்சாம் நாளே வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு, டாக்டர் புரோபயாட்டிக் ஏதாவது குடுங்கன்னு சொன்னாரு, நான் கடையில ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சிக்கிட்டு ஒவ்வொரு டப்பாவா திருப்பித் திருப்பிப் பாக்குறேன். ஒண்ணுல 'நல்ல பாக்டீரியா நிறைந்தது'ன்னு கொட்டை எழுத்துல இருக்கு, புரதம் கொழுப்பு கணக்கெல்லாம் இருக்கு, எந்த பாக்டீரியா, எத்தனை உயிரோட இருக்குன்னு ஒரு வரி இல்ல. பக்கத்துல வெளிய அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி மோர் மாசக்கணக்குல கெடாதாம். சூடு பண்ணி அடைச்சாதானே அப்படித் தாங்கும், அப்புறம் அதுல பாக்டீரியா எப்படி உயிரோட இருக்கும்? கொதிக்கவிட்ட மோர்க்குழம்புக்கும் இதேதான்.

உயிரோட இருக்கணும், போதுமான அளவு உள்ள போகணும், உடம்புக்கு நல்லது செய்யணும், அப்பதான் அது புரோபயாட்டிக்னு உலக சுகாதார நிறுவனமும் ஐநா உணவு வேளாண்மை அமைப்பும் 2001லயே சொல்லிட்டாங்க. அதுலயும் ஒரு பாக்டீரியா ரகம் செய்யறத இன்னொரு ரகம் செய்யும்னு சொல்ல முடியாது. ஜப்பான்ல ஷிரோட்டாங்கிறவர் 1930ல பிரிச்சு வளர்த்த ஒரே ஒரு ரகத்த வெச்சுதான் 1935ல யாகுல்ட்ங்கிற புளிக்கவெச்ச பால் பானத்த விக்க ஆரம்பிச்சாங்க, அந்த ரகத்துக்கு இன்னிக்கும் அவர் பேருதான்.

வீட்டுத் தயிர நான் குறை சொல்லலைங்க, தயிர் இல்லாம எங்க வீட்டுல சாப்பாடு முடியாது. பால் குடிச்சா வயிறு உப்புசமாகுற என் தங்கச்சிக்குத் தயிர்சாதம் ஒண்ணும் பண்றதில்ல, ஏன்னா உறையுற நேரத்துலயே பாக்டீரியா பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரைய கொஞ்சம் தின்னுடுது, மிச்சம் செரிக்கவும் குடல்ல போய் உதவுது. ஆனா உறைமோர் வீட்டுக்கு வீடு வேற, அதுல எந்த ரகம் எவ்வளவு இருக்குன்னு அளந்தவங்க யாரு? அத நம்பி அப்பாவோட வயித்தால போறத எப்படி விடுறது?

ரகத்தோட பேரையும் காலாவதி தேதி வரைக்கும் எத்தனை உயிரோட இருக்கும்ங்கிறதையும் லேபிள்ல போடணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011ல வழிகாட்டுதல் குடுத்திருக்காங்க. அடுத்த வாரம் அதே பக்கத்துல இத எழுதுங்க, டப்பாவுல எங்க பாக்கணும்னு ஒரு படமும் போடுங்க. கேன்சர் சிகிச்சையில இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம புரோபயாட்டிக் எதுவும் எடுக்கக்கூடாதுங்கிறதையும் சேர்த்துப் போடுங்க, போன வாரம் அது விட்டுப்போச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்