அப்டேட் கம்பெனியுடையது, செலவு மட்டும் எங்களுடையதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்பவள் நான். தனியாகக் கடை இல்லை. சேலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவேன், பிடித்தவர்கள் பணம் அனுப்புவார்கள், கூரியரில் போய்விடும். இதற்காகவே 2023 தீபாவளித் தள்ளுபடியில் 22 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு செல்போன் வாங்கினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனி போன் வைத்திருப்பவருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

பெட்டியின் மேல் 108 மெகாபிக்சல் கேமரா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். ஆனால் சாதாரணமாக எடுக்கும் படம் 12 மெகாபிக்சல்தான் வருகிறது. ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக்குகிறார்களாம். வெளிச்சம் குறைவான இடத்தில் படம் தெளிவாக வர அதுதான் நல்லது என்று என் அண்ணன் மகன் விளக்கினான். சரி, நல்லதுதான் என்றால் அதையும் பெட்டியிலேயே போடலாமே? 108 மட்டும் பெரிதாக இருக்கிறது, 12-ஐக் காணோம்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நிறம்தான் என்னை அலைக்கழித்தது. கேமராவில் ஏஐ என்று ஒன்று இருக்கிறது. படத்தை அதுவாகவே 'அழகாக்கும்'. பூவையும் மலையையும் படம் பிடிப்பவர்களுக்கு அது பிடிக்கலாம். நான் அரக்குச் சேலையை எடுத்தால் தக்காளிச் சிவப்பாகக் காட்டுகிறது. கோயம்புத்தூரில் ஒரு அம்மா, "படத்துல ராமர் பச்சை, கையில வந்தது பாசிப் பச்சை" என்று சேலையைத் திருப்பி அனுப்பினார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. போக வர கூரியர் செலவு என் தலையில் விழுந்தது. அந்த ஏஐயை செட்டிங்ஸில் தேடிப்பிடித்து அணைத்து வைத்தேன். அப்டேட் வரும்போதெல்லாம் அது தானாகவே மறுபடி உயிர் பெற்றுவிடுகிறது. நான் அணைத்ததைத் திறந்துவிட இவர்கள் யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அப்புறம் வந்ததுதான் பெரிய தலைவலி. இந்த ஆண்டு தொடக்கத்தில் 'பாதுகாப்புக்காக உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று போன் நச்சரித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி சார்ஜில் போட்டு அப்டேட் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் திரையில் மேலிருந்து கீழ் வரை ஒரு பச்சைக் கோடு. போன் ஒரு நாளும் கீழே விழுந்ததில்லை, தண்ணீர் பட்டதில்லை.

சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளே போயிருச்சு மேடம். வாரண்டி முடிஞ்சிருச்சு, 9,500 ஆகும்" என்றார். அப்டேட் போட்ட மறுநாள் காலையில்தான் வந்தது என்றேன். "சாஃப்ட்வேரால டிஸ்ப்ளே எப்படிங்க கெடும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மேலிடம் சொல்லச் சொன்னதைத்தான் சொல்கிறார். ஆனால் இதே பச்சைக் கோட்டுக்காக 2024-இல் சில கம்பெனிகள் குறிப்பிட்ட சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தார்களே, அது ஏன்? விலை உயர்ந்த போன் வைத்திருப்பவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? காரணம் எதுவாக இருந்தாலும் அது போனுக்குள் இருந்த காரணம். நான் உண்டாக்கியது அல்ல.

வெளிநாட்டில் இதையெல்லாம் சும்மா விடுவதில்லை. அப்டேட் கொடுத்துப் பழைய போன்களை மந்தமாக்கியதற்காக 2018-இல் இத்தாலி அரசு அமைப்பு ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புது விதி வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும். திரை போன்ற முக்கிய உதிரி பாகங்கள் 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, போனைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, வாங்குபவர் பார்க்கும்படி காட்டலாம் என்று 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு மதிப்பெண்ணை விட இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, எத்தனை ஆண்டுகள் அப்டேட் தருவார்கள் என்பது பெட்டியின் மேல் அந்த 108 அளவுக்கே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, அப்டேட் போட்டதும் வரும் கோளாறை, வாரண்டி முடிந்திருந்தாலும், கம்பெனியே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதை விதியாகவே போட வேண்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோளாறு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

இதே பச்சைக் கோட்டோடு சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போனின் பழுதை எழுதி அங்கே தரும் சீட்டான ஜாப் ஷீட்டில் 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'அப்டேட்டுக்குப் பின் வந்த கோடு' என்று தேதியோடு எழுதச் சொல்லி, ஒரு நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சின்னாளப்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்.