26 கிலோ பெட்டிக்கு 68 கிலோ வாடகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கிலோமீட்டர் ஓடும், சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம் ஆகும், மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பதிவு எண் தேவையில்லை என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. அந்த வண்டி வாங்கியவர் வீட்டுக்கு எப்படி வந்து சேரும் என்பதை மட்டும் காணோம். தென்காசியில் நெடுங்காலமாக சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். விட்டுப்போனதை எழுதுகிறேன்.

கடையநல்லூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். சர்வீஸ் முழுக்க என் கடையில் பஞ்சர் ஒட்டியவர். முழங்கால் வலி வந்த பிறகு மின்சார சைக்கிள் கேட்டார். கோயம்புத்தூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் 32,000 ரூபாய்க்குச் சொல்லிவைத்தேன். நேரே அண்ணாச்சி வீட்டுக்கே அனுப்பச் சொல்லி, வாடகையை இங்கே கொடுப்பதாகப் பேச்சு. கூரியரில் கேட்டபோது கிலோவுக்கு 16 ரூபாய் என்றார்கள். பெட்டியோடு 26 கிலோ. 416 ரூபாய் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். வந்த பில் 2,184 ரூபாய்.

கணக்கு இதுதான். பெட்டி அடைக்கும் இடத்தையும் கிலோவாக மாற்றுவார்கள்; தராசு எடையைவிட அது அதிகமானால் அதற்குத்தான் வாடகை. பெட்டி 140 சென்டிமீட்டர் நீளம், 80 உயரம், 25 அகலம். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 56. தராசில் 26 காட்டும் பெட்டிக்கு 56 கிலோ வாடகை. சிலர் 4500-ஆல் வகுப்பார்கள், சிலர் 4000-ஆல். 4000 என்றால் அதே பெட்டி 70 கிலோ. இதோடு முடிந்ததா என்றால் இல்லை. வழியில் நெருக்கிப் போட்டதில் அட்டைப்பெட்டியின் வயிறு உப்பி அகலம் 30 ஆகிவிட்டது. சரக்கைப் பிரித்து அனுப்பும் ஹப்பில் மறுபடி அளந்தார்கள், 67.2 வந்ததை முழுசாக்கி 68 கிலோ. உப்பவைத்தது அவர்கள், உப்பியதற்கு வாடகை நாங்கள். 1,088 ரூபாய் அப்படி வந்தது. மேலே ரசீது போடுவதற்கு டாக்கெட் சார்ஜ் 100, டீசல் சர்சார்ஜ் 163, ஊர் தள்ளி இருப்பதற்கு 500, எல்லாவற்றுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

இடத்துக்கு வாடகை வாங்குவதே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். பஞ்சு மூட்டை ஏற்றுகிற லாரி, எடை ஏறும் முன்பே நிறைந்துவிடும். அந்த இடத்துக்கான டீசலை யாராவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். என் கோபமெல்லாம் கிலோவுக்கு 16 ரூபாய் என்று சொன்ன வாய், எதால் வகுப்போம் என்று சொல்லாமல் விட்டதில்தான். ஒரு காலத்தில் பஸ் மேலே சைக்கிளை ஏற்றிக் கயிறு கட்டினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். ஏற்றும்போதே கூலி தெரிந்துவிடும்.

வண்டி வந்த கதை இன்னும் இருக்கிறது. டோர் டெலிவரி என்று பேர். தெரு குறுகல், லாரி உள்ளே வராது என்று மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். பிரிக்கும் முன்பே கையெழுத்து. பிரித்தால் பின்பக்க டிஸ்க் பிரேக் தட்டு வளைந்திருக்கிறது, கியர் மாற்றி தொங்குகிற கொக்கி சக்கரத்துப் பக்கம் மடங்கியிருக்கிறது. போன் போட்டால், ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது சேதமானால் சரக்குக்காரர் பாடு என்று அச்சடித்திருப்பதைப் படிக்கச் சொன்னார்கள்.

படித்தேன், அதற்கு மேலேயும் படித்தேன். சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, அதன் விதிகள் 2011. சரக்கு சேதமானால், கூடுதல் கட்டணம் கட்டி, அதிக ரிஸ்க்கை அவர்களே ஏற்கும்படி அனுப்பியிருந்தால் ஒழிய, ஏற்றிச் சென்றவரின் பொறுப்பு கட்டிய வாடகையில் பத்து மடங்கு வரைதான். அதுவும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. அண்ணாச்சி கணக்கில் 1,088 ரூபாய்க்குப் பத்து மடங்கு 10,880. வண்டியே தொலைந்திருந்தாலும் 32,000-க்கு மூன்றில் ஒரு பங்குதான். வழக்குக்குப் போவதானால் முதலில் ஏற்றிச் சென்றவருக்குச் சேதத்தை எழுத்தில் தெரிவிக்கவேண்டும், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள். சரக்கு வந்த தேதியிலிருந்து என்று நினைத்துக்கொண்டு கோட்டைவிடக்கூடாது. நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட கோயம்புத்தூர் வரை அலையவேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அண்ணாச்சி, “ஒரு தட்டுக்கும் கொக்கிக்குமா கோர்ட்டு?” என்று சொல்லிவிட்டார். நானே மாற்றிக்கொடுத்தேன்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று ஐந்தாம் மாதம் புரிந்தது. பேட்டரி செத்துவிட்டது. வாரன்டி இருக்கிறது; பேட்டரியை அனுப்பிவையுங்கள், பார்த்து மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியில் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். அனுப்புவது எதில்?

36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர், அதாவது 360 வாட்-அவர் லித்தியம் பேட்டரி அது. விமானச் சரக்கில் 100 வாட்-அவரைத் தாண்டினாலே முழு அபாயச் சரக்கு விதிகள் வந்துவிடும். தனி லித்தியம்-அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். தீப்பிடிக்கும் அளவுக்குப் பழுதானது என்றால் எந்த விமானத்திலும் ஏற்றமுடியாது. இந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லவில்லை. பேட்டரி உள்ளே சூடேறித் தீப்பிடித்தால் அது சாமானியத்தில் அணையாது. ஆனால் நான் கேட்டது லாரியில். மூன்று பார்சல் ஆபீஸ் ஏறி இறங்கினேன். ‘பேட்டரி’ என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் குமாஸ்தா தம்பி மட்டும் குரலைத் தாழ்த்தி, “ஸ்பேர் பார்ட்ஸ்னு எழுதிருங்க அண்ணாச்சி, எல்லாரும் அப்படித்தான் அனுப்புதாங்க” என்றார்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷம் வேறொருவர் பேட்டரியை நானும் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். லாரியில் பக்கத்தில் என்ன ஏற்றியிருப்பார்கள், தீப்பெட்டிப் பண்டலா, துணிப் பேலா, கிளீனர் பையன் எங்கே படுத்திருப்பான் என்று அன்றைக்கு ராத்திரி பூரா யோசனை. போய்ச் சேர்ந்ததாக போன் வரும்வரை சோறு இறங்கவில்லை. இனி அந்தப் பொய் எழுதுவதில்லை என்று முடிவு. உண்மையைச் சொன்னால் வாங்கமாட்டார்கள், பொய் சொன்னால் ஏற்றிக்கொள்வார்கள் என்றால் லாரிக்குள் என்ன போகிறது என்பது டிரைவருக்கே தெரியாது.

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்தன. மின்வண்டி பேட்டரியும் அதில் அடக்கம். ஆயுள் முடிந்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் கடமை என்கிறது விதி. செத்ததை வாங்கவேண்டிய கம்பெனி, வாரன்டியில் உள்ளதையும் அதே வழியில் வாங்கிக்கொள்ளலாமே. மாவட்டத்துக்கு ஒரு இடத்தில், தீ தாங்கும் பெட்டியோடு மாதம் ஒரு வண்டி வந்தால் போதும். என்னைப் போன்ற கடைக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். பார்சல் ஆபீஸ்காரர்களும், புதிய பேட்டரி என்றால் எப்படிக் கட்டவேண்டும், எவ்வளவு சார்ஜில் இருக்கவேண்டும், என்ன கூலி என்று ஒரு பலகை எழுதி மாட்டட்டும். அதே பலகையில் எதால் வகுப்பார்கள் என்பதையும் எழுதட்டும். இந்த வண்டிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, விலைக்குப் பக்கத்தில் இதையும் கம்பெனிகளிடம் கேட்டுப் போடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த பேட்டரி இப்போது என் கடைக்கு வெளியே, சிமென்ட் தொட்டியில் மணல் போட்டு, அதன் மேல் இருக்கிறது. கடைக்குள் வைக்க மனசு வரவில்லை. அண்ணாச்சி, மோட்டார் இருந்தும் ஓடாத அந்த வண்டியைச் சாதா சைக்கிள் மாதிரி மிதித்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் வருகிறார். இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றித் தொட்டியை எட்டிப் பார்ப்பார்.

“என்னடே, இன்னும் கெளம்பலையா?”

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
தென்காசி.