மண்ணெண்ணெய்க் கணக்கும் விருப்பு வாக்கும்

பருத்தித்துறை,
14.09.2024

அன்பின் மச்சான்,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன். அது என் பிழைதான். மாசியில் நீ எழுதிய கடிதம் மேசை இழுப்பறையில் கிடந்து, திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீ போன கிழமை கட்டையனிடம் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தை. "கணக்கனிடம் கேட்கவே தேவையில்லை, அவன் சங்குக்குத்தான் போடுவான்" என்று சொன்னாயாம். இந்த முறை கேட்டிருக்க வேண்டும், மச்சான். நீ கேட்காததால் நானே சொல்லிவிடுகிறேன், அதுவும் வாக்களிப்பதற்கு முன்பே, வருகிற சனிக்கிழமை ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு வேறு யாருடைய வாயாலும் நீ அதைக் கேட்கக் கூடாது என்பதற்காக.

வீட்டில் எல்லோரும் சுகம். என் மனைவிக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. நீ அனுப்பிய தைலம் கிடைத்தது. ரியூசன் மாஸ்டர் அதே சைக்கிளில்தான் போகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தெட்டுப் பேர் போட்டியிடுகிறார்கள். மூன்று பேரைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது: எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் ரணில் விக்கிரமசிங்க, தொலைபேசியில் சஜித் பிரேமதாச, திசைகாட்டியில் அநுர குமார திசாநாயக்க. நான்காவதாக நம்முடைய தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நிற்கிறார். தமிழரசுக் கட்சி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்த பிறகும், அந்தக் கட்சிக்காரரிலேயே பாதிப் பேர் சங்கை விட்டு இறங்கவில்லை. சந்தியில் தேநீர்க் கடை வாங்கில் ஒவ்வொரு மாலையும் இதுதான் வழக்கு.

நீ நினைத்துப் பார். 2005இல் நாம் வாக்குச் சாவடிப் பக்கமே போகவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை, தெற்கில் மகிந்த ராஜபக்ச இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளால் வென்றார். 2010இல் சரத் பொன்சேகாவுக்கும், 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கும், 2019இல் சஜித்துக்கும் போட்டோம். அந்த மூன்று முறையும் யார் வேண்டாம் என்பதற்குத்தான் வாக்களித்தோமே தவிர, யார் வேண்டும் என்பதற்கு அல்ல. எதிரில் ஒரு ராஜபக்ச நின்றார், அவருக்கு எதிரில் யார் நின்றாலும் நமக்குப் போதுமாயிருந்தது. இந்த முறை நாமல் ராஜபக்ச நிற்கிறார்தான், ஆனால் வெல்லப்போகிறவர்களின் பேச்சில் அவர் பெயர் இல்லை. ஆகவே முதன்முறையாக நான் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, அது என்னை இரண்டு மாதமாகத் தூங்கவிடவில்லை.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று நீ கேட்பாய். சம்மாட்டி அண்ணையை வைத்துத்தான்.

2022 ஆவணியில் ஒரு நாள் காலை அவர், நான் கணக்கு எழுதிவந்த மீனவர் சங்கத்துக்கு இரண்டு நீலக் கான்களோடு வந்தார். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது, புதுப் பெடியனுக்குக் கணக்குப் புத்தகத்தைக் காட்டிக்கொடுப்பதற்காகப் போயிருந்தேன். அதற்கு முதல் நாள்தான் மண்ணெண்ணெய் விலையை ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். அவருடைய படகுக்கு ஒரு முறை கடலுக்குப் போய்வர முப்பது லீற்றர் வேண்டும். பெடியன் பற்றுச்சீட்டை எழுதி நீட்டினான்: 10,200. சம்மாட்டி அண்ணை அதை வாங்கிப் பார்த்தார், மேசையில் வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். "தம்பி, இதை இன்னொருக்கால் கூட்டிப் பார்" என்று என்னிடம் சொன்னார். நான் கூட்டிப் பார்த்தேன். முதல் நாள் வரை அது 2,610 ரூபாய். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கான்களையும் வெறுமையாகவே தூக்கிக்கொண்டு போனார். படகைக் கரையில் ஏற்றித் தென்னோலையால் மூடினார். நான்கு மாதம் கழித்து இயந்திரத்தை விற்றார். பன்னிரண்டு வயதில் கடலுக்குப் போன மனிதர் இப்போது மகனுடைய பலசரக்குக் கடை வாசலில் வெங்காயத்துக்குக் காவல் இருக்கிறார். இப்போது மண்ணெண்ணெய் இருநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். "இயந்திரம் இறங்கி வருமோ?" என்று கேட்டார்.

அந்த விலையை உயர்த்தியது தவறு என்று நான் உனக்கு எழுதவில்லை, மச்சான், இதைக் கவனமாக வாசி. நாடு 2022 சித்திரை 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்க, அதற்குக் கொடுக்க டொலர் இல்லை. நட்டத்துக்கு எண்ணெய் விற்க அரசாங்கத்திடம் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த நிலைக்கு நாடு எப்படி வந்தது என்பதை நான் மறக்கவில்லை, என் பங்கையும் மறக்கவில்லை. 2019 மார்கழியில் கோதாபய ராஜபக்ச பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தபோது, அவருக்கு வாக்களிக்காத நானும் மகிழ்ந்தேன். சங்கத்துக்கு வாங்கும் வலைக்கும் கயிற்றுக்கும் விலை இறங்கியது, நல்ல காரியம் என்று கட்டையனிடம் சொன்னேன். அந்த வருமானம் போனதும் வெளியே கடன் கொடுப்பவர்கள் கதவை மூடினார்கள். மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. அதன் மேல் 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தார்கள். 2022 புரட்டாதியில் பணவீக்கம் 69.8 வீதம். வரி குறைகிறது என்று நான் சந்தோஷப்பட்ட அந்தக் காசை மூன்று வருடத்துக்குள் சம்மாட்டி அண்ணை தன் இயந்திரத்தை விற்றுக் கட்டினார் என்றே என் மனம் சொல்கிறது.

ஆகவே, விலையைக் குறைப்பேன், வரியைக் குறைப்பேன், சம்பளத்தைக் கூட்டுவேன் என்று மேடையில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. மூன்று பேரும் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்துக்குள்தான் இருக்கப்போகிறார்கள். ரணில் அப்படியே தொடர்வேன் என்கிறார், மற்ற இருவரும் மீண்டும் பேசித் திருத்துவோம் என்கிறார்கள், வெளியேறுவேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் திட்டத்தின்படி அடுத்த வருடம் முதல், வட்டியைத் தவிர்த்த செலவு போக, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் அரசாங்கத்தின் கையில் மிஞ்ச வேண்டும். யார் வந்தாலும் அந்தக் காசு மிஞ்சித்தான் ஆக வேண்டும். அப்படியானால் கேள்வி ஒன்றே ஒன்று: அதை யாரிடமிருந்து வாங்கப்போகிறார்கள்?

ரணிலுக்குரிய மதிப்பை நான் மறுக்கமாட்டேன். வரிசைகள் போய்விட்டன, மின்சாரம் பதின்மூன்று மணித்தியாலம் நின்ற நாள்களை நீ அங்கிருந்து தொலைக்காட்சியில்தான் பார்த்தாய், நாங்கள் விளக்கு வைத்துக்கொண்டு இருந்தோம். போன மாதம் பணவீக்கம் ஒரு வீதத்துக்கும் கீழே. நெருப்பு எரிந்த வீட்டுக்குள் போக மற்றவர்கள் நிபந்தனை பேசிக்கொண்டு நின்றபோது அவர் போனார், அதுவும் உண்மை. ஆனால் அவர் யாரிடமிருந்து வாங்கினார் என்று பார். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தங்கச்சி மகளை உனக்குத் தெரியும். அவளுடைய சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகின்றன. கடந்த வருடம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அந்த நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, வாங்கி, 2025 வரை 12 வீதமும் அதற்குப் பிறகு 9 வீதமும் தரும் நீண்டகால முறிகளாக மாற்றிக் கொடுத்தார்கள். மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்றார்கள். வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடவில்லை. வங்கி விழுந்தால் வைப்பு வைத்தவனும் விழுவான் என்ற காரணத்தை நான் அறிவேன், அது பொய்யான காரணமும் அல்ல. ஆனால் பணவீக்கம் எழுபதைத் தொட்ட 2022இல் அந்த நிதிக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். அந்தப் பிள்ளை தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்திருந்து சேர்த்த காசு, அவள் கண்ணுக்குத் தெரியாமலே அந்த வருடத்தில் கரைந்தது, கரைந்ததன் மீதே மறுசீரமைப்பையும் ஏற்றினார்கள். பெறுமதி சேர் வரி இந்தத் தையிலிருந்து 18 வீதம், பள்ளிக்கூடக் கொப்பிக்கும்கூட. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி நான்கில் ஒருவருக்கு மேல் வறுமைக்கோட்டின் கீழே. வீட்டைத் தூக்கி நிறுத்தினார், ஆனால் கனமான தீராந்தியை மெலிந்த தோளில் வைத்து நிறுத்தினார். உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று நடத்தாமல் விட்டதையும் நான் மறக்கமாட்டேன். அது அடிப்படை உரிமை மீறல் என்று போன மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சஜித்தின் பக்கத்தில் பொருளாதாரம் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஹர்ஷ டி சில்வா பேசினால் நான் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் தலைவர் மேடைக்கு மேடை ஒரு புதுச் சலுகையைச் சேர்க்கிறார். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், வரவுப் பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அநுரவின் தாளிலும் ஓட்டை இருக்கிறது. உணவுக்கும் மருந்துக்கும் புத்தகத்துக்கும் பெறுமதி சேர் வரியை எடுப்பேன் என்கிறார், வருமான வரிக்கான எல்லையை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாக்குவேன் என்கிறார். இரண்டையும் சேர்த்தால் பெரிய பள்ளம். ஆனால் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவேன் என்றும் சொல்கிறார்: வரி கட்டாமல் தப்பியவனிடம், ஒப்பந்தத்தில் கமிஷன் அடித்தவனிடம். அது முழுவதும் கைக்கு வராது என்பது முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதிய எனக்குத் தெரியும். வராவிட்டாலும், யாரிடமிருந்து வாங்குவது என்ற கேள்விக்கு என் தங்கச்சி மகளைக் கைகாட்டாத ஒரே பதில் அதுதான். போன வருடம் இந்த வங்குரோத்துக்கு ராஜபக்ச சகோதரர்களும் அதிகாரிகளும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர்களுடைய கட்சியினர் வாக்களித்து ஆக்கிய ஜனாதிபதி ரணிலால் அந்தத் தீர்ப்பை வைத்து என்ன செய்ய முடிந்தது?

இப்போது உன் முகம் எப்படிச் சிவந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வடக்கையும் கிழக்கையும் பிரிக்க நீதிமன்றம் போன கட்சி, போர் நடக்கட்டும் என்று நின்ற கட்சி, அநுரவின் அந்தக் கட்சிக்கா உன் வாக்கு என்று கேட்பாய். மச்சான், அதை நீ எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2006இல் அந்தத் தீர்ப்பு வந்த அன்று நாம் இருவரும் ஒன்றாகத்தான் வானொலி கேட்டோம். அந்தக் காயத்தின் மேல் அவர்கள் இன்றுவரை ஒரு வார்த்தை நேராகச் சொல்லவில்லை, அதற்காக அவர்களை நான் மன்னிக்கவும் இல்லை. அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் மூன்றே ஆசனம், ஆட்சி செய்த அனுபவமும் கொஞ்சம், அநுர விவசாய அமைச்சராக இருந்தது ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான். இத்தனையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

சங்குக்குப் போட்டு இரண்டாவது விருப்பை வேறொருவருக்குக் கொடுக்கலாமே என்று ரியூசன் மாஸ்டர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் வாக்குச் சீட்டுகளைப் பிரித்து இரண்டாவது, மூன்றாவது விருப்பைப் பார்ப்பார்கள். 1982 முதல் இன்றுவரை ஒரு முறையும் அந்தக் கட்டம் வரவில்லை, இந்த முறை வரலாம். சனங்களுக்கு இது தெரியவில்லை. நான் சங்கத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் 1, 2, 3 என்று எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறேன், புள்ளடியும் இலக்கமும் கலந்து போட்டுச் சீட்டைக் கெடுத்துவிடாதீர்கள் என்றும் சொல்கிறேன். என் மனைவி அப்படித்தான் போடப்போகிறாள்: சங்குக்கு ஒன்று, தொலைபேசிக்கு இரண்டு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை; எங்கள் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெற்குக்குச் சொல்ல ஒருவர் வேண்டும், அரியநேத்திரன் அதைச் சொல்கிறார்.

நான் அப்படிப் போடப்போவதில்லை. வாக்குரிமை வந்த நாள் முதல் என் முதலாவது வாக்கை இனத்தின் கேள்விக்கே கொடுத்தேன், அதற்காக வருந்தவும் இல்லை. இந்த ஒரு முறை முதலாவது விருப்பை அடுப்புக்குக் கொடுக்க விரும்புகிறேன், அது இரண்டாவது எண்ணிக்கை வந்தால்தான் வெளியே தெரியும் என்று இல்லாமல், முதல் எண்ணிக்கையிலேயே பருத்தித்துறையில் விழுந்த வாக்காகத் தெரிய வேண்டும். திசைகாட்டிக்கு ஒன்று, தொலைபேசிக்கு இரண்டு. மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விடப்போகிறேன்.

நேற்று சம்மாட்டி அண்ணையிடம் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டேன். வெங்காயச் சாக்கை மடித்துக்கொண்டே, "யார் வந்தாலும் என்னுடைய படகுக்கு ஒரு இயந்திரம் தருவானோ என்று கேட்டு எழுது" என்றார். யாருக்கு எழுதச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை, ஆகவே உனக்கு எழுதிவிட்டேன். கோபம் வந்தால் அதையும் கடிதமாகவே எழுது, தொலைபேசியில் கத்தாதே. அவள் பக்கத்தில் இருப்பாள்.

என்றும் உன்,
கணக்கன்