காரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து: சர்வீஸ் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் கார் விற்று, விற்ற காருக்குச் சர்வீஸும் செய்துதரும் நிறுவனங்களின் சேவைப் பிரிவு மேலாளர்களுக்கு,

வணக்கம்.

நான் உட்லண்ட்ஸ்வாசி. நான்கு வயதான கருநீலக் கார் ஒன்று வைத்திருக்கிறேன். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் அதில் கீறல் விழுந்தது. எந்தக் கம்பெனிக் கார், எந்தக் கிளையில் நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்கும் எனக்கும் இருந்த கணக்கு ஒருமாதிரி தீர்ந்துவிட்டது. ஆனால் மச்சானிடம் சொன்னால், அலுவலகத்தில் சொன்னால், புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் சொன்னால், "எனக்கும் இதே கதைதான்" என்று ஆளுக்கொரு கீறலை எடுத்து வைக்கிறார்கள். எல்லாம் வேறு வேறு கம்பெனிக் கார்கள். அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை எட்டரைக்குக் காரை விட்டேன். எனக்கு முன்னால் ஆறு கார், பின்னால் நான்கு. சர்வீஸ் அட்வைசர் இருபத்தைந்து வயதிருக்கும் தமிழ்த் தம்பி, கையில் டேப்லெட். திரையில் ஒரு காரின் கோட்டுப்படம் இருந்தது. ஏற்கெனவே இருக்கும் கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும் என்பது உங்கள் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அவர் காரைச் சுற்றி வரவில்லை. நானும் வரவில்லை. "இங்க ஒரு சைன் போடுங்கண்ணே" என்றார். விரலால் கிறுக்கிவிட்டு எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடினேன். படத்திலிருந்த கார் ஒரு புள்ளி இல்லாமல் சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் போனபோது நல்ல மழை. கார் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து, மேலெல்லாம் தண்ணீர் முத்தாக நின்றது. பில்லோடு இன்னொரு கையெழுத்து: "வாகனத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்." அதையும் போட்டேன். ஈரமான கருநீலக் காரில், மழை நாள் ஆறு மணி வெளிச்சத்தில், யானை ஏறி மிதித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நல்ல வெயில். இடது முன்சக்கரத்துக்கு மேலே, பானட் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, மூன்று கீறல். கட்டைவிரல் நீளம், லேசான வளைவு, மூன்றும் ஒரே சாய்வில். நகத்தால் தடவிப் பார்த்தேன். இரண்டில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. நடுவிலிருந்ததில் ஒரு முனையில் மாட்டியது. சாவியால் யாராவது கிழித்திருந்தால் நீளமாகப் போயிருக்கும். பக்கத்துக் காரின் கதவு இடித்திருந்தால் ஒரே இடத்தில் குத்தியிருக்கும். இது இரண்டும் இல்லை. சந்தேகத்தில் பானட்டைத் திறந்து, எஞ்சின் எண்ணெய் ஊற்றுகிறவர்போல் குனிந்து பார்த்தேன், சட்டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டுதான். என் பெல்ட்டின் வளையம் சரியாக அந்த இடத்துக்கு வந்து நின்றது. சந்தைக்குக் கிளம்பி வந்த மனைவி, "ஞாயித்துக்கிழமை காலையில காரோட என்ன குலாவல்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை போனேன். முதல் பதில், ஏற்கெனவே இருந்திருக்கும் என்பது. "அப்படியென்றால் காலையில் நான் கையெழுத்துப் போட்ட படத்தில் ஏன் இல்லை?" என்றேன். "கூட்டமா இருந்தா அதுல குறிக்கிறதில்லண்ணே" என்றார் அந்தத் தம்பி. சரி, அப்போது சாயங்காலக் கையெழுத்து? அதை அச்செடுத்து என் முன்னால் வைத்தார்கள். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனாம்.

எனக்கு மனம் விட்டுப்போனது இந்த இடத்தில்தான். இரண்டு தாளிலும் யாரும் காரைப் பார்க்காமல்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் காலைத் தாள் வெறும் சம்பிரதாயம், மாலைத் தாள் சாசனம். உங்களுக்கு வேண்டியது மட்டும் செல்லும் என்றால் எனக்கு எதற்குப் பேனா?

என்னைக் காப்பாற்றியது மகளின் போட்டோ. சர்வீஸுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டு வந்தவள் அந்த இடது பக்கத்தில் சாய்ந்து நின்று ஏதோ கோப்பையோடு சிரித்திருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் அவள் முழங்கைக்குக் கீழே பெயின்ட் கண்ணாடிபோல் இருந்தது. அதை அனுப்பிய பிறகும் மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் பதில் வந்தது. நிறுவனத்தின் தவறு என்று ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில் அந்தப் பகுதியை முழுதாக ஸ்பிரே அடித்துத் தருவார்களாம்.

வேண்டாம் என்றேன். அவர்களுக்கு ஆச்சரியம். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் காருக்குப் பூசுவது எல்லா அடுக்கும் சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன்தான். துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். அந்தக் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருக்கும். நகம் மாட்டாத கீறல் பெரும்பாலும் அதற்குள்ளேயே நின்றுவிடும், பாலிஷில் போய்விடும். பாலிஷ் என்பதும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான், ஆகவே அதையும் நினைத்தபோதெல்லாம் செய்ய முடியாது.

ஸ்பிரே வேறு சமாச்சாரம். தொழிற்சாலையில் வெறும் உடலாக இருக்கும்போதே சுமார் 140 டிகிரியில் சுட்டு எடுத்த பெயின்ட் அது. இப்போது உள்ளே பிளாஸ்டிக், ஒயர், மின்னணுச் சாமான்கள் எல்லாம் இருப்பதால் பட்டறையில் சுமார் 60 டிகிரிக்கு மேல் போக மாட்டார்கள். அதற்கென்றே உள்ள வேறு வகைப் பெயின்ட்தான் அடிப்பார்கள். நிறத்தின் குறியீட்டு எண் காரிலேயே ஒட்டியிருக்கிறது என்றாலும், மின்னும் துகள் கலந்த நிறங்களில் ஸ்பிரே துப்பாக்கியைப் பிடிக்கும் கோணமும் காற்றழுத்தமும் மாறினால் சாயலும் மாறும். அதனால் பக்கத்துக் கதவுவரை மெல்லக் கலந்து அடிப்பார்கள். ஒரு கட்டைவிரல் கீறலுக்காக இரண்டு பகுதி பெயின்ட் போகும். பிறகு காரை விற்கப்போனால், வாங்குகிறவர் தடிமன் அளக்கும் கருவியை வைப்பார். மற்ற இடத்தில் 120 காட்டுவது அங்கே 250 காட்டும். "ஆக்சிடென்ட் காரா?" என்பார். இல்லை ஐயா, பெல்ட் கார் என்று நான் சொன்னால் நம்புவாரா?

கடைசியில் பாலிஷ் மட்டும் போடச் சொன்னேன். இரண்டு கீறல் போய்விட்டது. மூன்றாவதின் நுனி இன்னும் இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று அந்த அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் இந்த ஊரில் கார் எப்படி வாங்குகிறோம் என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ மட்டுமே 106,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொட்டது. பத்து வருடத்துக்கு ஓட்டலாம் என்ற அனுமதிக்கு மட்டும் அந்த விலை, கார் தனி. இப்படி வாங்கிய வண்டியின் கீறலுக்கு இன்ஷூரன்ஸ் கோரவும் முடியாது. ஐந்து வருடம் கோரிக்கை இல்லாமல் பிரீமியத்தில் சேர்த்த 50 விழுக்காட்டுக் கழிவு, ஒரே கோரிக்கையில் 20க்கு இறங்கிவிடும். ஆகவே எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறோம். உங்களுக்கு அது பழகியும்விட்டது.

இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமை, கார் கழுவுமிடத்தில் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பியிடமும் கீறலைக் காட்டினேன். ஊரிலிருந்து வேலை அனுமதியில் வந்திருப்பவர், பேச்சில் புதுக்கோட்டைப் பக்கம் என்று நினைக்கிறேன். குனிந்து பார்த்தார். ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அடுத்து அவர் பார்த்தது அலுவலகக் கதவை. "தெரியலண்ணே" என்றார். நான் நகர்ந்தபோது தாழ்ந்த குரலில், "எம்பேர எதுலயும் எழுதிராதீங்கண்ணே" என்றார்.

அவர் செய்த வேலையே இல்லை அது. கழுவுகிறவர் எஞ்சின் எண்ணெய் ஊற்றுவதில்லை. ஆனாலும் பயந்தார். உங்கள் பட்டறைகளில் கீறல் ஏன் மறைகிறது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால், முதலில் விசாரித்து, ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும், பிடிப்பதும் ஒரு மாதச் சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டக்கூடாது என்று நம் வேலை நியமனச் சட்டம் சொல்கிறது. அங்கே பிடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பிடித்துவிடுவார்களோ என்ற பயம் அந்தத் தம்பியிடம் இருந்தது என்றுதான் சொல்கிறேன். கீறல் போட்டவர் மத்தியானமே வந்து "பாஸ், பெல்ட் பட்டிருச்சு" என்று சொல்லக்கூடிய பட்டறையாக இருந்திருந்தால், நான் காரை எடுக்க வருவதற்குள் பாலிஷே முடிந்திருக்கும்.

பெல்ட்டுக்கு மேல் உறை போடுவதும், குனியும் இடத்தில் தடித்த துணி விரிப்பதும் உங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். துணி எங்கோ சுருட்டி வைத்திருக்கும். கூட்டமான சனிக்கிழமையில் யாருக்கு நேரம்?

சட்டம் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும், "வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று எழுதி மாட்டியிருக்கிறீர்களே, அதற்காகக் கொஞ்சம். நம்பி ஒப்படைத்த பொருளுக்குச் சேதம் வந்தால், கவனமாகத்தான் பார்த்துக்கொண்டோம் என்று காட்ட வேண்டியது வைத்திருந்தவர். அஜாக்கிரதையால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு பலகை சொன்னால், அது நியாயமானதா என்று பார்க்க நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் இங்கேயும் உண்டு. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும், வழக்கறிஞர் கூடாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கை என்றால் என்னைப் போன்ற பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி. அதற்கு முன்பே பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' இருக்கிறது. நான் எங்கும் போகவில்லை. மகள் போட்டோவுக்கு நிற்காமல் இருந்திருந்தால் போயிருப்பேன், எதைக் காட்டியிருப்பேன் என்றுதான் தெரியவில்லை.

வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் போய்விடும் என்ற பூச்சாண்டியும் பழசாகிவிட்டது. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டபின், அந்தக் கட்டுப்பாட்டைக் கார் நிறுவனங்கள் நீக்கிக்கொண்டதாக 2017 டிசம்பரிலேயே அறிவிப்பு வந்தது. சின் மிங்கிலும் ஊபியிலும் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் உங்களிடம் வருகிறோம். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கொஞ்சம் பொறுப்பும் சேர்ந்திருக்கும் என்று நினைத்துத்தான்.

நான் கேட்பது ஐந்து நிமிடம். காலையில் காரை விடும்போது அட்வைசரும் நானும் சேர்ந்து ஒரு சுற்று. அவர் போனில் ஒரு வீடியோ, அதே வீடியோ எனக்கும். திரும்ப எடுக்கும்போது துடைத்துக் காய்ந்த காரை விளக்கு வெளிச்சத்தில் இன்னொரு சுற்று. அதற்குப் பிறகு கையெழுத்து. சனிக்கிழமை வரிசை நீளுமென்றால் இரண்டு காரைக் குறைத்துப் பதிவு செய்யுங்கள். இலவசமாகக் கழுவித் தருவதை நிறுத்தினாலும் எனக்கு வருத்தமில்லை, அழுக்குக் காரை வாங்கிக்கொண்டு போகிறேன், அழுக்குத் துணி போடும் சுழல்கீறலாவது மிச்சம். உங்கள் ஆள் கையால் ஏதாவது ஆகிவிட்டால், நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒரு போன். பாலிஷா, டச்-அப்பா, ஸ்பிரேயா என்று என்னைக் கேட்டு முடிவெடுத்து, செய்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், நாளைக்குக் காரை விற்கும்போது காட்டிக்கொள்வேன். போன் செய்தவரையும் செய்யச் சொன்னவரையும் தண்டிக்காதீர்கள்.

என் தவறும் இருக்கிறது. இரண்டு தடவையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அடுத்த சர்வீஸ் வரும் மாதம். அதே இடத்துக்குத்தான் வருகிறேன். எட்டரை மணி வரிசையில், கையில் டார்ச்லைட்டோடு கருநீலக் காரைச் சுற்றிக்கொண்டிருப்பவன் நான். அந்த அட்வைசர் தம்பியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்