ஒண்டாச்சி தஞ்சாவூர்ப் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி பற்றி வந்த கட்டுரையை விரும்பி வாசித்தேன். அதில் ‘ஒல்லாந்துப் பெயர் தாங்கிய பறங்கியர்’ என்று, அதாவது டச்சுப் பெயர் கொண்ட ஐரோப்பியக் கலப்பு வம்சத்தார் என்று, ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே இதை எழுதுகிறேன். ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். தமிழ்ப் பத்திரிகையில் வந்தபின் விட மனம் வரவில்லை.

ஒண்டாச்சி குடும்பத்தின் மூதாதை தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு தமிழ் வைத்தியர். மிக்கேல் யூரி ஒண்டாச்சி என்று பெயர். ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1658இல் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போனது. அதற்கு அடுத்த வருடம், ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டனின் மனைவிக்கு வைத்தியம் பார்க்க இவரைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தார்கள் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் வரலாறு. மனைவிக்கு அல்ல, மகளுக்கு என்று சொல்பவர்களும் உண்டு. வந்தவர் கொழும்பிலேயே தங்கிவிட்டார். ஒல்லாந்துக் கணக்கப்பிள்ளைகள் அவர் பெயரைத் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துத்தான் இன்று பலர் ஆம்ஸ்டர்டாம் பக்கத்துப் பெயர் என்று எண்ணுகிறார்கள். பின்வந்த தலைமுறைகளில் ஒல்லாந்தரோடும் சிங்களவரோடும் கலப்பு ஏற்பட்டது உண்மை. அதை யாரும் மறைக்கவில்லை, மைக்கேல் ஒண்டாச்சியும் மறைத்ததில்லை. ஆனால் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதும்போது தஞ்சாவூரை விட்டுவிடக் கூடாது.

உங்கள் கட்டுரையாளர் தொடாத இன்னொரு ஒண்டாச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைத்தியரின் வழியில் வந்த வில்லெம் யூரியான் ஒண்டாச்சி ஒல்லாந்தில் படித்துப் போதகராகிக் கொழும்புக்குத் திரும்பியவர். ஹெர்மினா குவின்ட் என்ற ஒல்லாந்துப் பெண்ணை மணந்தார். அவர்களின் மகன் பீட்டர் பிலிப் யூரியான் 1758இல் கொழும்பில் பிறந்தார். தாயின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டதால் வரலாற்றில் அவர் குவின்ட் ஒண்டாச்சி. இளவயதிலேயே ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டு உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்த நகரத்தில், நாட்டில் தலைமை அதிகாரம் வகித்த ஒரேஞ்ச் இளவரசரின் ஆட்களே சபையில் இருந்த காலம் அது. நகர மக்கள் தங்கள் சபையைத் தாங்களே தெரிய வேண்டும் என்று எழுந்த தேசபக்தர் இயக்கத்துக்கு உத்ரெக்டில் முன்னின்றவர் இவர்தான். 1786இல் அங்கே மக்கள் தெரிந்த சபை அமைந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது! 1787இல் பிரஷ்யப் படை வந்து இளவரசரின் அதிகாரத்தைத் திரும்ப நிலைநாட்டியது. குவின்ட் பிரான்சுக்குத் தப்பிப் போனார். 1795இல் அந்த ஆட்சி விழுந்த பிறகே அவரால் ஒல்லாந்துக்குத் திரும்ப முடிந்தது. பிற்காலத்தில் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டு 1818இல் அங்கேயே இறந்தார்.

ஒல்லாந்தில் ஜனநாயக வரலாறு எழுதுபவர்கள் இவரை விட்டுவிட்டு எழுத முடியாது. நான் கொட்டாஞ்சேனையில் வரலாறு படிப்பித்த காலம் முழுவதும் எங்கள் பாடநூலில் அவர் பெயரைக் கண்டதில்லை. கொழும்பில் பிறந்த பிள்ளை, தஞ்சாவூர் வைத்தியரின் வழித்தோன்றல். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

ஒண்டாச்சி குடும்பத்தைப் போல நானும் கொழும்புச் செட்டி குடும்பத்தில் பிறந்தவள். அண்மையில் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். என் குடும்பப் பெயரைப் பார்த்த இளம் உத்தியோகத்தர், “மிஸ் பறங்கியா, சிங்களமா?” என்று கேட்டார். தமிழ் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைச் செட்டி என்று தனியாகவே எண்ணப்பட்ட சமூகம் எங்களுடையது. காசிச்செட்டி, கந்தப்பா, அசரப்பா என்ற பெயர்கள் ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் புழங்கி வளர்ந்தவை. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டிதான் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர். அந்தப் பெயரைக்கூட இன்று தமிழ் ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முன்பக்கங்களில் என் பாட்டனாரும் அவருடைய தகப்பனாரும் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானப் பெயருக்குக் கீழே வீட்டில் கூப்பிட்ட தமிழ்ப் பெயரும் இருக்கும். என் பேரப்பிள்ளைகள் மெல்பனில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தக் கையெழுத்து வாசிக்க வராது. இப்படி எத்தனையோ வீடுகளில் புத்தகங்கள் அலுமாரியில் செல்லரித்துக்கொண்டிருக்கும். வீடு விற்கும்போது முதலில் போவதும் அவைதான்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். மாதம் ஒரு முறையாவது கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெயர் வரலாற்றுக்கு ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். செட்டிகள் மட்டுமல்ல, பரதர்களும் மற்றவர்களும் எழுதட்டும். எழுதப் பழக்கமில்லாத முதியவர்களிடம் உங்கள் நிருபர் ஒருவர் நேரில் போய்க் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. ஜிந்துப்பிட்டி பக்கம் யார் யாரைக் காண வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும். நடக்க இயலும் நாட்களில் கூடவும் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13